கணிப்பொறியும் நகலும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

முன்னுரை

மனிதன் படைத்த கருவிகள் ஒவ்வொன்றும் அவனுடைய ஏதோ ஓர் ஆற்றலைப் பெருக்கித் தந்தன. நெம்புகோல் கையின் வலிமையைப் பெருக்கியது. சக்கரம் காலின் விரைவைப் பெருக்கியது. தொலைநோக்கி கண்ணின் எல்லையைப் பெருக்கியது. கணிப்பொறி எதனைப் பெருக்கியது? கணக்கிடும் ஆற்றலை என்று உடனே விடை சொல்லி விடுவோம். அது சரியே. ஆயினும் ஒரு கணிப்பொறி நாள்தோறும் செய்யும் வேலைகளை உற்று நோக்கினால் இன்னொன்றும் புலனாகும். வன்தட்டிலுள்ள கோப்பைத் திறந்தால் அதன் நகல் நினைவகத்திற்கு வருகிறது. நண்பருக்கு ஒரு படத்தை அனுப்பினால் நம்முடையது நம்மிடமே இருக்க, அவரிடம் ஒரு நகல் பிறக்கிறது. எழுதியதை எழுதியபடியே, எத்தனை முறை வேண்டுமானாலும், ஏறத்தாழச் செலவே இன்றிப் பெருக்கித் தருவது கணிப்பொறியின் தனிச்சிறப்பு.

பொறி பழுதுபடும்போது நம் உழைப்பைக் காப்பது நகல். நீதிமன்றப் படியேறி வழக்காக நின்றதும் நகல். கையில் பணமில்லாத மாணவனுக்கு நேர்மையான வழி ஒன்றைத் திறந்து வைத்ததும் நகலே. நகலின் இந்த மூன்று முகங்களையும் நம் கல்லூரி மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டு நகலும் எண் நகலும்

நகலெடுத்தல் நமக்குப் புதியதன்று. பனையோலை நிலையானதன்று, செல்லும் ஈரமும் அதனைத் தின்றுவிடும். பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். அப்படித் தலைமுறை தலைமுறையாக நகலெடுத்ததனால்தான் நம் பழைய நூல்கள் பிழைத்தன. ஆனால் கையால் எழுதும்போது ஓர் எழுத்து மாறும்; ஒரு வரி விடுபடும். அந்தப் பிழை அடுத்த ஏட்டிற்கும் செல்லும். அதனால் தோன்றியவையே பாடவேறுபாடுகள். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது இதனால்தான்.

ஜெராக்ஸ் பிரதியை மறுபடி மறுபடி ஜெராக்ஸ் எடுத்தாலும் இதே நிலைதான். பத்தாவது பிரதியில் எழுத்து மங்கிவிடும். ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவிற்குப் பாட்டைப் பதிந்தவர்களும் இதனை அறிவார்கள். ஒவ்வொரு பதிவிலும் இரைச்சல் கூடும்.

கணிப்பொறியில் மட்டும் ஆயிரமாவது நகலும் முதற்பிரதியும் ஒன்றாக இருப்பது எப்படி? மின்னணுவியல் பாடத்தில் நாம் படித்த செய்தியே இதற்கு விடை. கணிப்பொறி எல்லாவற்றையும் 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களில் எழுதி வைக்கிறது. 5 வோல்ட்டில் இயங்கும் டி.டி.எல். சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே வரும் மின்னழுத்தம் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அது 0. 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் அது 1. 4 வோல்ட்டாகப் புறப்பட்ட குறி வழியில் தேய்ந்து 3 வோல்ட்டாக வந்து சேர்ந்தாலும் சுற்று அதனை 1 என்றே படிக்கும். படித்ததோடு நில்லாமல், அடுத்த சுற்றுக்கு மீண்டும் முழு வலிவுள்ள 1 ஆகவே அனுப்பும். தேய்மானம் ஒவ்வொரு படியிலும் துடைக்கப்படுகிறது. ஏட்டில் பிழை சேர்ந்துகொண்டே போகும். இங்கே பிழை சேர இடமில்லை.

அப்படியும் ஓர் இலக்கம் மாறிவிட்டால்? அதனைக் கண்டுபிடிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். 1011010 என்னும் ஏழு இலக்கங்களில் 1 என்பது நான்கு முறை வருகிறது. நான்கு இரட்டைப்படை எண். ஆகவே எட்டாவதாக 0 சேர்த்து அனுப்புவார்கள். ஒற்றைப்படையாக இருந்தால் 1 சேர்த்து இரட்டைப்படை ஆக்குவார்கள். பெறுகிறவர் எண்ணிப் பார்க்கும்போது ஒற்றைப்படை வந்தால், வழியில் ஏதோ ஓர் இலக்கம் மாறிவிட்டது என்று பொருள். இரண்டு இலக்கங்கள் ஒருங்கே மாறினால் இம்முறை ஏமாந்துவிடும். எனவே பெரிய கோப்புகளுக்கு இதனினும் வலிய முறைகளைக் கையாளுகிறார்கள். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறை எவ்வளவு பெரிய கோப்பையும் 256 இலக்கங்கள் கொண்ட ஒரு கைரேகையாகச் சுருக்கித் தருகிறது. கோப்பில் ஓர் இலக்கம் மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். நகல் மெய்யானதா என்று இரண்டு கைரேகைகளை ஒப்பிட்டு அறியலாம்.

பழுதும் காப்பும்

நகல் இவ்வளவு துல்லியமாக இருந்தும், அது குடியிருக்கும் வீடு துல்லியமானதன்று. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் கணிப்பொறியே வன்தட்டுடன் வந்த முதற்பொறி. 50 தட்டுகளை அடுக்கி அதில் சேமிக்க முடிந்தது ஏறத்தாழ 5 மெகாபைட். இன்று ஒரு டெராபைட் வன்தட்டு உள்ளங்கையில் அடங்குகிறது. அது ராமாக்கைப் போல் 2 லட்சம் மடங்கு கொள்ளும். கொள்ளளவு பெருகப் பெருக, ஒரே அடியில் இழக்கக்கூடியதும் பெருகிவிட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

மடிக்கணினியில் உள்ள வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 சுற்றுகள் சுழல்கிறது. அதனைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், காற்றின் மெல்லிய படலத்தில் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிரின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டு கீழே விழுந்தால் முனை தட்டில் உராய்ந்து காந்தப் பூச்சைச் சுரண்டிவிடும். சுரண்டிய இடத்தில் இருந்த செய்தியும் போயிற்று. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யிலும் பென் டிரைவிலும் இந்த ஆபத்து இல்லை. ஆனால் அவற்றில் செய்தி மின்னேற்றமாகச் சிறைப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறை அழித்தெழுதும்போதும் அச்சிறையின் காப்புப் படலம் சிறிது தேய்கிறது. ஆக, சாகாத சேமிப்புக் கருவி ஒன்றும் இல்லை. சாகும் நாள்தான் நமக்குத் தெரியாது.

சேமிப்பில் மட்டுமன்றிக் கணக்கிலும் பழுது வரும். 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். புதிதாகச் சேர்த்த பென்டியம் கணிப்பொறி தந்த விடை மற்றப் பொறிகளின் விடையோடு ஒத்துவரவில்லை. பல மாதங்கள் தேடி, குற்றம் தம் நிரலில் இல்லை, இன்டெல் நிறுவனத்தின் சில்லிலேயே இருக்கிறது என்று நிறுவினார். வகுத்தலுக்காகச் சில்லினுள் எழுதி வைத்திருந்த அட்டவணையில் 5 இடங்கள் விடுபட்டிருந்தன. 4195835 என்பதை 3145727 ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். அந்தச் சில்லு 1.33374 என்று தந்தது. அவ்வாண்டு டிசம்பரில், கேட்டவர்க்கெல்லாம் சில்லை மாற்றித் தர இன்டெல் ஒப்புக்கொண்டது. இதற்காக அந்நிறுவனம் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். ஒரே கணக்கை இரண்டு பொறிகளில் செய்து ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆசிரியரின் பழக்கம், உலகின் பெரிய நிறுவனம் ஒன்றைத் தலைவணங்க வைத்தது. இதுவும் நகலின் பயனே அன்றோ!

காப்பு நகலின் அருமைக்கு 1998இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். பிக்ஸார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் திரைப்படத்தைக் கணிப்பொறியில் உருவாக்கிக்கொண்டிருந்தது. தவறாகக் கொடுக்கப்பட்ட ஓர் ஆணையால் படத்தின் பெரும்பகுதி அழியத் தொடங்கியது. காப்பு நகலை எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் சரியாக வேலை செய்யாமல் இருந்திருக்கிறது! அப்போது கேலின் சஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்தே பணியாற்ற ஒரு நகலைத் தம் வீட்டுக் கணிப்பொறியில் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கணிப்பொறியைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்து படத்தை மீட்டார்கள்.

இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. நகல் எடுத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லா நகலையும் ஒரே இடத்தில் வைக்கலாகாது. கணிப்பொறி வல்லுநர்கள் இதனை 3-2-1 என்று சுருங்கச் சொல்வார்கள்: 3 பிரதிகள், 2 வகைக் கருவிகள், 1 பிரதி வேறோர் ஊரிலோ வேறோர் இடத்திலோ. எவ்வளவு பசித்தாலும் உழவன் விதைநெல்லில் கை வைக்க மாட்டான். இறுதியாண்டுச் செயல்திட்ட அறிக்கையை ஒரே பென் டிரைவில் வைத்துக்கொண்டு திரியும் நண்பர்கள், விதைநெல்லையும் குத்திப் பொங்கியவர்களுக்கு ஒப்பாவார்கள்.

வழக்காக நின்ற நகல்

என் நூலை நான் நகலெடுத்து வைப்பது காப்பு. பிறர் உழைப்பை அவர் இசைவின்றி நகலெடுத்தால்? இந்த வினா, சொந்தக் கணிப்பொறி பிறந்த நாளிலேயே பிறந்துவிட்டது.

1975ஆம் ஆண்டு ஜனவரியில் ஆல்ட்டேர் 8800 என்னும் கணிப்பொறி அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். விலை 400 டாலருக்கும் குறைவு. அதற்காக பில் கேட்ஸும் பால் ஆலனும் பேசிக் என்னும் மொழியை எழுதித் தந்தார்கள். துளையிட்ட காகித நாடாவில் அது விற்கப்பட்டது. கலிபோர்னியாவில் கணிப்பொறி ஆர்வலர் சங்கம் ஒன்றில் ஒரு நாடா கைமாறி, பல நகல்களாகப் பெருகிப் பரவிற்று. 1976 பிப்ரவரி 3ஆம் நாளிட்டு பில் கேட்ஸ் ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஆல்ட்டேர் உரிமையாளர்களுள் பத்தில் ஒருவர்கூட பேசிக்கை விலை கொடுத்து வாங்கவில்லை என்றும், கூலியே இல்லாவிட்டால் நல்ல நிரலை யார் எழுதுவார் என்றும் அதில் கேட்டார். அப்போது அவருக்கு வயது 20, நம் வயதுதான்.

அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குக் கிடைத்த விடையும் சிந்திக்கத் தக்கது. ஆர்வலர்கள் தாங்களே டைனி பேசிக் என்னும் சிறிய மொழிகளை எழுதி, அவற்றின் நிரலை இதழ்களில் யாவரும் காண வெளியிட்டார்கள். டாம் பிட்மன் என்பவர் தாம் எழுதியதை 5 டாலருக்கு விற்றார். நகலெடுக்க முடியும் என்று தெரிந்தும் பலர் பணம் அனுப்பி வாங்கினார்கள். விலை எட்டும் தொலைவில் இருந்தால் மக்கள் திருடுவதை விரும்புவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

நகலைத் தடுக்கப் போய் நோயைப் பரப்பிய கதையும் உண்டு. 1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய பிரெயின் என்னும் நிரலே ஐ.பி.எம். வகைச் சொந்தக் கணிப்பொறிகளைத் தாக்கிய முதல் வைரஸ். தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகலெடுத்தவர்களைக் கண்டுகொள்ளவே அதனை எழுதியதாக அவர்கள் பின்னர் விளக்கினார்கள். அது நெகிழ்தட்டுக்கு நெகிழ்தட்டு தொற்றிப் பல நாடுகளை எட்டிவிட்டது.

இணையம் வந்தபின் வழக்கு பெரிதாயிற்று. 1999 ஜூனில் ஷான் பேனிங் என்னும் 18 வயது இளைஞர் நாப்ஸ்டர் என்னும் மென்பொருளை வெளியிட்டார். பாடல்கள் அவரவர் கணிப்பொறியிலேயே இருக்கும். யாரிடம் எந்தப் பாடல் இருக்கிறது என்னும் பட்டியல் மட்டும் நாப்ஸ்டரின் பொறியில் இருக்கும். பட்டியலைப் பார்த்து ஒருவரிடமிருந்து ஒருவர் நேரே நகலெடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு டிசம்பரிலேயே இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாப்ஸ்டருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலையில் அந்தச் சேவை நின்றது. பட்டியல் ஒரே இடத்தில் இருந்ததால் அதனை நிறுத்த முடிந்தது.

அதே 2001இல் பிராம் கோஹன் எழுதிய பிட்டோரெண்ட் வேறு வழியைக் கையாண்டது. ஒரு கோப்பைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை வைத்து, பெறுகிறவரே பிறருக்குக் கொடுக்கிறவராகவும் ஆகும்படி அமைத்தார். கேட்பவர் கூடக் கூடக் கொடுப்பவரும் கூடுவர். திரைப்படத் திருட்டுக்குப் பயன்படும் இதே முறையால்தான் லினக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களும் முறையாக வழங்கப்படுகின்றன. கத்தியின் குணம் அதனைப் பிடித்த கையில்!

2005இல் குரோக்ஸ்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பதிப்புரிமையை மீறத் தூண்டும் நோக்கத்துடன் ஒரு கருவியைப் பரப்புகிறவர், பிறர் செய்யும் மீறலுக்கும் பொறுப்பாவார் என்று ஒருமனதாகக் கூறியது. தனி மனிதர்களும் தப்பவில்லை. 2009இல் பாஸ்டன் நகரப் பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு 30 பாடல்களுக்காக விதிக்கப்பட்ட இழப்பீடு 6,75,000 டாலர். அதே வேளையில் உரிமையாளர் தரப்பும் வரம்பு கடந்தது. 2005இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் சில இசைக் குறுந்தட்டுகள், வாங்கியவரின் கணிப்பொறியில் அவருக்குத் தெரியாமலேயே ஒரு மறைநிரலைப் பதித்துவிடுவதை மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர் வெளிப்படுத்தினார். அது வேறு வைரஸ்கள் ஒளிந்துகொள்ளவும் இடம் கொடுத்தது. நிறுவனம் அந்தத் தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. காசு கொடுத்து வாங்கியவனுக்குக் கேடு, திருடியவனுக்குக் கேடில்லை என்றால் அது எந்த ஊர் நீதி?

இந்தியச் சட்டமும் இரண்டு பக்கங்களையும் பார்க்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 1984, 1994 ஆண்டுகளின் திருத்தங்களால் கணிப்பொறி நிரல்களையும் காக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைப் பயன்படுத்துவதும் அதன்படி குற்றம். முறையாகப் பெற்ற நிரலுக்கு, அழிவிலிருந்து காத்துக்கொள்வதற்காகக் காப்பு நகல் எடுப்பதோ குற்றமன்று. காப்பு நகல் வேறு, களவு நகல் வேறு என்று சட்டமே பிரித்துக் காட்டுகிறது.

நேர்மையான வழி

இனி நம் நிலைக்கு வருவோம். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரிப் படியேறியவர் ஒருவரும் இல்லை. என் தந்தையார் கட்டட வேலைக்குச் செல்பவர். நம் வகுப்புகளில் பலருடைய இல்லமும் இத்தகையதே. ஆய்வக அளவீடுகளை வரைபடமாக்கவும் அறிக்கை தட்டச்சு செய்யவும் மென்பொருள் வேண்டும். விலைக்கு விற்கும் சில அறிவியல் மென்பொருள்களின் ஓராண்டு உரிமக் கட்டணத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவும் மனம் வராது. இந்நிலையில் கடைத்தெருவில், ‘எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தருகிறோம், இருநூறு ரூபாய்’ என்று அழைக்கிறார்கள். ஏழைக்கு வேறு வழி ஏது என்ற சமாதானமும் உடன் வருகிறது.

வேறு வழி உண்டு என்பதே நான் சொல்ல வந்த செய்தி. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு நகலெடுத்தும் கொடுக்கலாம் என்பது அதன் கொள்கை. அவர் பதிப்புரிமையை ஒழிக்கவில்லை, அதனையே கருவியாக்கினார். 1989இல் வெளிவந்த ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்படி, பெற்றவர் பிறருக்கு வழங்கும்போது அதே உரிமைகளை அவருக்கும் வழங்கியாக வேண்டும். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21ஆம் வயதில் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அதனையும் இந்த உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இங்கே நகலெடுப்பவன் கள்வனல்லன், அழைப்பின் பேரில் வந்த விருந்தினன்.

நம் படிப்புக்கு வேண்டியவை யாவும் இவ்வகையில் கிடைக்கின்றன. அறிக்கைக்கும் அட்டவணைக்கும் லிப்ரே ஆபீஸ். அதன் பட்டிகளைத் தமிழிலேயே காணலாம். அணிக் கணக்குகளுக்கு குனு ஆக்டேவ், சைலாப். புள்ளியியலுக்கு ஆர். நிரலெழுதப் பழகப் பைத்தான். கோப்புகளைச் சுருக்க 7-ஜிப். காணொலிகளைப் பார்க்க வி.எல்.சி.; இது பாரிஸ் நகரப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மாணவர்களின் செயல்திட்டமாக 1996இல் தொடங்கியது. இவற்றைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டுமே என்பார்க்கும் விடை உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் இவற்றுள் பலவற்றுக்கான பாடங்களைத் தமிழ்க் குரலிலும் கட்டணமின்றி வழங்குகிறது.

கடையில் பதித்துத் தரும் களவு நகலில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புதுப்பித்தல்களும் முறையாக வாரா. 2017 மே மாதத்தில் வான்னகிரை என்னும் நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணயத் தொகை கேட்டது. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தத்தைப் பதிக்காத பொறிகளே இரையாயின. காப்பு நகல் வைத்திருந்தவர்கள் பணயம் கட்டாமலே மீண்டார்கள்.

முடிவுரை

கொடுத்தாலும் குறையாதது கல்விச் செல்வம் ஒன்றே என்று சான்றோர் சொல்லி வந்தனர். கணிப்பொறி அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்திருக்கிறது. கொடுத்தாலும் குறையாத பொருளை விலைக்கு விற்பதா, தடையின்றிக் கொடுப்பதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இருக்கலாம். ஆனால் அதனை முடிவு செய்ய வேண்டியவர் படைத்தவர், எடுத்தவர் அல்லர். விற்பவரிடம் விலை கொடுத்து வாங்குவோம். வாங்க இயலாவிடில், மனமுவந்து கொடுப்பவரிடம் சென்று பெறுவோம்.

நம் துறை ஆய்வகப் பொறிகளில் இத்தகைய மென்பொருள்களைப் பதிக்க நம் பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். மாணவ நண்பர்கள் ஆளுக்கொன்றாகக் கற்று, அடுத்தவருக்குக் கற்றுத் தர முன்வர வேண்டும். வாங்க முடியாதவர் என்ற பெயர் நமக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காகக் கள்வர் என்ற பெயரை நாம் சுமக்கத் தேவையில்லை. பெற்றதைப் பேணுவோம், பெற்ற வழியையும் பேணுவோம்!